சட்டியில் புரட்டிய சோறு

அன்று அந்த ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். கட்டிலில் முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்திருந்த அத்திம்பேர், அதாவது என் அக்காவின் கணவர். அவர் கால்மாட்டில் அவருடைய அம்மா. ஜன்னலோரம் மூத்த பிள்ளை, அவனை ஒட்டிக்கொண்டு இளையவன். கதவருகே ஸ்டூலில் நான். எங்களுக்கு நடுவில், இனி என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்ல வந்த டயட்டீஷியன் பெண். அக்கா இல்லை. பிளாஸ்க் கழுவ வராந்தாக் குழாய்க்குப் போயிருந்தாள்.

அத்திம்பேருக்கு முதல் அட்டாக் வந்து, ஸ்டென்ட் வைத்து, மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பெண்ணுக்கு என் தையல் கடைக்கு வருகிற காலேஜ் பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். மலையாளத்தில், அவசரமில்லாமல் சொன்னாள். தட்டில் பாதி காயும் கீரையுமாக இருக்க வேண்டும், சோறு கால் பாகம் போதும், தினமும் பழம் வேண்டும், தேங்காயும் எண்ணெயும் உப்பும் குறைய வேண்டும், ஊறுகாயையும் அப்பளத்தையும் மறந்துவிட வேண்டும். அத்திம்பேருக்கு ரோஷம் வந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாகச் சுத்த சைவம், எங்களுக்கா காயைப் பற்றிப் பாடம் என்றார். அவள் சிரித்துக்கொண்டே, சோற்றையும் அப்பளத்தையும் தின்றுவிட்டு இங்கே வந்து படுக்கிறவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள், காய் எவ்வளவு உள்ளே போகிறது என்று கேட்டாள். அப்போதுதான் அக்கா பிளாஸ்கோடு உள்ளே வந்தாள். சமைக்கிறவள் வந்துவிட்டாள் என்று அந்தப் பெண் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். அக்கா தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். முடிக்கும்போது அவள் அக்காவின் கையைத் தொட்டு, "வீட்டில் எல்லாவர்க்கும் இது தன்னே மதி, கேட்டோ. சேச்சிக்கும்" என்றாள். வீட்டில் எல்லோருக்கும் இதுவே போதும், அக்காவுக்கும்தான் என்று.

"அவளுக்கென்ன கேடு?" என்றாள் அத்திம்பேரின் அம்மா. அக்காவும் ஆமாம் என்பதுபோலச் சிரித்தாள். இன்றைக்கும் ராத்திரி உறக்கம் வராமல் புரளும்போது என் காதில் கேட்பது அந்த மாமியாரின் குரல் இல்லை, அக்காவின் சிரிப்புதான்.

வலியசாலையில் அந்த வீட்டில் எப்படிச் சாப்பிடுவார்கள் என்று சொன்னால்தான் இது புரியும். முதல் பந்தி அத்திம்பேரும் பிள்ளைகளும். இரண்டாவது பந்தி மாமியார். அதற்குப் பிறகு அக்கா. ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பானூரில் என் கடைக்கு லீவு என்பதால் அக்காவோடு நானும். யாரும் சட்டம் போட்டு வைத்ததில்லை. யாரையும் யாரும் தடுத்ததும் இல்லை. முதல் பந்தியில் இரண்டாம் தரம் தோரன், அதாவது தேங்காய் போட்ட பொரியல், கேட்பார்கள், பிள்ளைகள் வளருகிற வயது. இரண்டாவது பந்தியில் மாமியாருக்குப் பல் இல்லை, வெந்த காயாகப் பார்த்து எடுத்துப் போட வேண்டும். எங்கள் முறை வரும்போது பொரியல் செய்த இரும்புச் சீனச்சட்டியில் கடுகும் கறிவேப்பிலையும் ஒட்டிப்பிடித்த மசாலையும்தான் இருக்கும். அக்கா அதில் இரண்டு கரண்டிச் சோற்றைப் போட்டு, சுற்றிலும் வழித்துப் புரட்டி, எண்ணெய் மினுமினுக்க உருட்டி என் தட்டில் வைப்பாள். ருசியாக இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ருசியில்தான் ஒரு கேள்வியும் எழாமல் முப்பது வருஷம் ஓடிப்போனது. காலையில் அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து அவ்வளவு காயையும் நறுக்கினவளின் தட்டில் ஒரு துண்டு காய்கூட இல்லை. யார் கேட்டாலும் அவளும் சுத்த சைவம்தான். பழமும் அப்படித்தான். கோவிலிலிருந்து வருகிற வாழைப்பழம் வந்தவர்களுக்கு, விலை கொடுத்து வாங்குவது சாமிக்கோ சீக்காளிக்கோ. நன்றாக இருக்கிற ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்து பழம் தின்பதை அந்தத் தெருவில் நான் பார்த்ததில்லை.

அத்திம்பேர் வீடு திரும்பிய பிறகு சமையலே மாறிப்போனது. சாலைக் கம்போளச் சந்தையிலிருந்து வரும் காய்ப் பை இரண்டு மடங்கு கனத்தது. பயறு, கோவைக்காய், முருங்கையிலை, வெள்ளரி. பதினொரு மணிக்குப் பப்பாளி நறுக்கி, விதை நீக்கி, முள்கரண்டி குத்தி அவர் முன்னால் வைப்பாள். அவருக்கு எடை குறைந்தது, முகம் தெளிந்தது. டாக்டர் பாராட்டினாராம். அதை அக்காதான் என்னிடம் சொன்னாள், பரீட்சையில் தானே பாஸானது போல. எண்ணெய் குறைந்துபோனதால் சீனச்சட்டியிலும் வழித்தெடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. அப்படியானால் அக்கா எதைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டாள்? அவருக்கு எதெல்லாம் கூடாது என்று சொன்னார்களோ, அதையெல்லாம்.

அந்த வருஷத்து ஊறுகாய் எல்லாம் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தது. கடுமாங்காய், எலுமிச்சை, உப்பு நெல்லிக்காய் என்று பீங்கான் பரணிகள் வரிசையாக நின்றன. தகரப் பெட்டி நிறைய அரிசி அப்பளம், மோர்மிளகாய். அத்திம்பேர் தொடக்கூடாது. பிள்ளைகளும் அப்பாவைப் பார்த்து விட்டுவிட்டார்கள். வீணாகப் போகக் கூடாதே என்று அக்கா ஒவ்வொரு பரணியாகத் தின்று தீர்த்தாள். முதல்நாள் மிஞ்சிய வத்தக்குழம்பைச் சுண்டவைத்து அவள் சாப்பிடுவாள். நெஞ்சுக்கு ஆகாதென்று ஒரு தட்டிலிருந்து எடுத்ததையெல்லாம் அந்த வீடு இன்னொரு தட்டில் கொண்டுபோய் வைத்தது. அந்தத் தட்டுக்கும் ஒரு நெஞ்சு உண்டு என்று யாருக்கும் தோன்றவில்லை.

எனக்குத் தோன்றியது. ஆனால் எனக்குத் தோன்றுவதற்கு மதிப்பில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள், அதோடு பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்கினவள். பஸ் பத்து நிமிஷம் தாமதமானால் விபத்து என்று நினைப்பேன். வாரத்துக்கு ஒரு தரம் மருந்துக்கடையில் கையை நீட்டி பிரஷர் பார்ப்பேன். பேப்பரில் எந்த நோயைப் பற்றி எழுதினாலும் அது எனக்கு இருக்கிறதென்று முடிவு கட்டிவிடுவேன். இப்படிப்பட்டவள் ஒரு தரம் சரியாகவே பயந்தாலும் யார் நம்புவார்கள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்த உப்பை நீ இப்படித் தின்னக்கூடாது என்று பரணியை இழுத்து என் பக்கம் வைத்துக்கொண்டேன்.

"பின்னே கொட்டவாடி சொல்றே? ஒரு கூடை மாங்காயாக்கும் இது" என்றாள் அக்கா.

"கொட்டு. இல்லேன்னா எனக்குக் கொடு, நான் கொட்டறேன்."

"நீ ஒருத்தி. பேப்பர்ல அச்சடிச்சதெல்லாம் உன் நெஞ்சுலதான் வலிக்கும். எனக்கு மோரும் இதும் மதி, கேட்டியோ."

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அவளுக்கென்று கொய்யாப்பழம் வாங்கிப் போக ஆரம்பித்தேன். என் கண் முன்னாலேயே தின்ன வேண்டும் என்று நிபந்தனை. ஒரு கடி கடிப்பாள், நன்றாக இருக்கிறதென்பாள். கடித்த பக்கத்தைக் கத்தியால் சீவி எடுத்துவிட்டு மீதியைக் கிண்ணத்தில் போட்டு ஃப்ரிட்ஜில் வைப்பாள். அத்திம்பேருக்கு நாலு மணிக்கு ஆகுமாம். நான் சண்டை போட்டால் வாயைப் பொத்துவாள். கூடத்தில் அவர் டிவி பார்த்துக்கொண்டிருப்பார்.

மழைக்காலம் முடிந்த சமயம், துணி உலர்த்த மொட்டை மாடிக்கு ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறது என்றாள். தாடை வலிக்கிறது, பல்லாக இருக்கும் என்றாள். முதுகில் யாரோ கல்லை வைத்த மாதிரி இருக்கிறது, வாயு என்று சீரகத் தண்ணீர் குடித்தாள். அத்திம்பேர் செக்கப்புக்குப் போகும்போது இவளையும் அந்த டாக்டரிடம் காட்டுங்கள் என்று அவரிடமே போய்ச் சொன்னேன். அவரிடம் நேருக்கு நேராக நின்று நான் பேசியதே அந்த ஒரு தடவைதான். கோபிக்கவில்லை அவர், பொறுமையாகத்தான் சொன்னார்.

"நீ எதுக்கும் பயப்படறவள். அவளுக்கு ஒண்ணும் வராது. காய்கறியும் மோருமா சாப்பிடற உடம்பு. இதெல்லாம் ஆபீஸ் டென்ஷன் உள்ள ஆம்பளேளுக்கு வர்றதாக்கும்."

அவர் பொய் சொல்லவில்லை. மனதார அப்படியே நம்பினார். அவள் தினமும் காய் சாப்பிடுகிறாள் என்றுதான் அவர் நினைத்தார். அவள் சாப்பிட்டு அவர் பார்த்ததே இல்லையே. முதல் பந்தி முடிந்து கை கழுவினால் அவர் படுக்கப் போய்விடுவார். பார்க்காத ஒரு தட்டைப் பற்றி அவ்வளவு நிச்சயமாகப் பேச ஒரு மனிதரால் எப்படி முடிகிறது என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். அக்கா அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுத்த மாசம் பார்க்கலாம் என்று எனக்கு ஜாடை காட்டினாள்.

அடுத்த மாதம் வரவில்லை. ஒரு வியாழக்கிழமை பகலில், நான் ஒரு பிளவுஸுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தபோது இளையவன் போன் செய்தான். ஆட்டோவில் கொண்டுபோகிறபோதே முடிந்துவிட்டதாம். நான் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் தெற்கே தலை வைத்துக் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்கள். முட்டைகூடத் தொடாத உடம்பு, சுத்த சைவம், இவளுக்கு எப்படி வந்தது ஹார்ட் அட்டாக், எல்லாம் விதி. விதி என்ற வார்த்தையை நான் அவ்வளவு வெறுத்தது அன்றைக்குத்தான். அது மேலேயிருந்து இறங்கி வரவில்லை, மூன்றாவது பந்தியில் தினமும் ஒரு கரண்டியாக வந்தது என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. பயந்தாங்கொள்ளி கத்தினால் பைத்தியம் என்பார்கள்.

அத்திம்பேர் இன்றைக்கும் திடமாக இருக்கிறார். சாயங்காலம் கோவில் வரைக்கும் வேகமாக நடந்துவிட்டு வருகிறார். பப்பாளியை மூத்த மருமகள் நறுக்கித் தருகிறாள். அவர் நன்றாக இருக்கட்டும், அவரை நன்றாக வைத்துவிட்டுப் போனவள் என் அக்கா. நான் என் ஒற்றை அறையில் முதலில் காயைத் தின்று முடித்துவிட்டுத்தான் சோற்றைத் தொடுகிறேன். தின்கிற ஒவ்வொரு வாயும் யார் மேலோ கோபமாகத்தான் இறங்குகிறது.

அக்கா போன பதிமூன்றாம் நாள் விருந்துக்கு முதல்நாள் சமையல்காரர் வந்து கூடத்தில் உட்கார்ந்தார். நாங்கள் எல்லோரும் சுற்றி இருந்தோம். சாம்பார், அவியல், பாயசம் எல்லாம் பேசி முடிந்த பிறகு, போனவளுக்குப் பிடித்தது ஒன்றை அவள் பேருக்குப் போடும் இலையில் வைக்க வேண்டும், என்ன காய் பண்ணட்டும் என்று கேட்டார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்திம்பேர் மேலே ஓடும் விசிறியைப் பார்த்தார்.

கடைசியில் மூத்தவன்தான் சொன்னான். "அம்மாவுக்குக் கடுமாங்காதான் ரொம்ப இஷ்டம். தினம் அதுதானே தொட்டுண்டு சாப்பிடுவா."

"ஆமாண்டா கொழந்தே, அதில்லாம அவளுக்குச் சோறே எறங்காது" என்று மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் பீர்க்கங்காய் என்றேன். வித்துராவில் அப்பா ஓட்டல் வைத்திருந்த நாளில், பீர்க்கங்காய்க் கூட்டுப் பாத்திரத்தை நடுவில் வைத்துக்கொண்டு நானும் அவளும் கரண்டிக்கு அடித்துக்கொள்வோம். எப்போதும் அவள்தான் ஜெயிப்பாள். அதையெல்லாம் சொல்ல வாய் வரவில்லை. பீர்க்கங்காய் என்று மட்டும் இன்னொரு தரம் சொன்னேன்.

"பீர்க்கங்காயா?" என்றார் அத்திம்பேர், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு. "எனக்கு அது ஆகாதே. இந்த ஆத்துல அது வாங்கினதே கெடையாதே."

சமையல்காரர் என் முகத்தையும் அவர் முகத்தையும் பார்த்தார். கடுமாங்காயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. மறுநாள் அவள் இலையில் அதைத்தான் வைத்தார்கள்.