மஞ்சள் பெருக்கல் குறி

எங்கள் ஊர்க்காரர்கள் நல்லவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. நல்லவர்கள்தான், யார் இல்லை என்றது? சொன்ன பேச்சைக் கேட்பார்கள். ஒரு மரத்தில் மஞ்சள் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டு ‘இப்படிப் போகாதே’ என்று காட்டிவிட்டால், காரணம் கேட்க மாட்டார்கள், அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவும் மாட்டார்கள். கிஸ்லேன் பெர்தோமியே அந்த ரகம் இல்லை. அவளுக்கு எழுபத்தொரு வயது. இந்தக் குளத்துச் சீமையில் யாரோடும் சண்டை போடாத நாளே அவளுக்குக் கிடையாது.

அவளுடைய அப்பா ஊரை ஒட்டிய பெரிய பண்ணையின் குளங்களுக்கு மதகு திறந்து மூடுகிற வேலை பார்த்தவர். இலையுதிர் காலத்தில் குளத்தை வடித்துக் கெண்டை மீன் பிடிக்கும்போது முழங்கால் சேற்றில் முதலில் இறங்குகிறவர் அவர்தான். கிஸ்லேன் பதினாறு வயதில் டவுனில் இருந்த சட்டைத் தொழிற்சாலைக்குப் போனாள். இருபத்தாறு வருடம் காலர் தைத்தாள். ஒரு திங்கட்கிழமை போனால் கேட்டில் பூட்டு. சனி ஞாயிறில் மெஷின்களைக் கழற்றி லாரியில் ஏற்றி வேறு தேசத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நாற்பது பெண்கள் ஐந்து வாரம் அந்த முற்றத்தில் உட்கார்ந்தார்கள். கடைசியில் வந்தது ‘தங்கள் சேவைக்கு நன்றி’ என்று ஒரு கடிதம். அன்றிலிருந்து முத்திரை குத்திய காகிதம் எதைப் பார்த்தாலும் அவள் மூக்கு விடைக்கும்.

அதற்குப் பல வருடம் கழித்துத்தான் பாதை வேலையில் என்னோடு சேர்ந்தாள். நான் அர்மான், டிராக்டர் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். நடைபயணச் சங்கத்துக்காகப் பாதைகளில் குறி போடுவது எங்கள் வேலை, சம்பளம் கிடையாது. ஒருவர் மரப்பட்டையைச் சுரண்ட வேண்டும், மற்றவர் பெயிண்ட் அடிக்க வேண்டும். ஒற்றைக் கோடு என்றால் நேராகப் போ. பெருக்கல் குறி என்றால் இது வழியில்லை. பதினாறு வருடம் இப்படி இரண்டு பேரும் ஒரே டப்பாவைச் சுமந்து திரிந்தோம்.

“கோடு கோணலா இருக்குப்பா அர்மான்.”

“மரமே கோணல், நான் என்ன பண்றது?”

“உன் மூக்கும் கோணல்தான். அதுக்காகக் கண்ணாடியைக் கோணலாவா மாட்டியிருக்க?”

இப்படித்தான் எங்கள் பேச்சு போகும். என் மனைவி இறந்த பிறகு வாரம் முழுக்க நான் வாய் திறந்து பேசியது அவளிடம் மட்டும்தான்.

ஊரிலிருந்து குளக்கரை மேலாக ஒரு பாதை போகும், இரண்டு கிலோமீட்டர். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் ஓக் மரங்கள், கரை முடிகிற இடத்தில் சின்னத் தேவாலயம். எண்ணூறு வருடத்துக்கு முன்னால் அந்தக் கரைக்கு மண் கொட்டியவர்களும் தேவாலயத்துக்குக் கல் அடுக்கியவர்களும் ஒரே துறவிகள்தான். தேவாலயத்தின் சாவி கிஸ்லேனிடம். சனிக்கிழமை காலையில் கரை வழியாகப் போய்க் கதவைத் திறப்பாள், சாயங்காலம் பூட்டிவிட்டு வருவாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் இல்லை. தார்ச் சாலையில் சுற்றிப் போனால் ஒன்பது கிலோமீட்டர், அதுவும் மணல் லாரிகளுக்கு நடுவே.

அவளுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனால் உள்ளே சுவரில் ஒரு பழைய ஓவியம் இருக்கிறது. பிசாசுகள் பாவிகளைக் கொப்பரையில் போட்டுக் கிண்டுகின்றன. நடந்து வருகிறவர்களிடம் அவள் ஒவ்வொரு பாவியையும் காட்டி, “இவரு எங்க பழைய முதலாளி, இது பாங்க்காரன், அந்த ஓரத்துல தலைகீழாக் கிடக்கிறது எங்க மேயர்” என்பாள். சிரித்துக்கொண்டு போவார்கள். அடுத்த வருடம் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு திரும்பி வருவார்கள். அந்தப் பாதையில் ஆள் வந்ததால் தேவாலயம் திறந்திருந்தது. ஆள் வராவிட்டால் மறை மாவட்டத்து ஆயர் அலுவலகம் ஒரு பலகையை அறைந்து பூட்டிவிடும். பக்கத்து ஊரில் அப்படித்தான் நடந்தது.

பிறகு பாரிஸ்காரன் வந்தான். ஆறு குளமும் காடும் சேர்த்துப் பண்ணையை வாங்கினான். வருடத்தில் நான்கு வாரம் வந்து காட்டுப்பன்றி சுடுவான், மற்ற நாளெல்லாம் வேலிதான் குடியிருந்தது. பாதைக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கம்பி வலை. அவனுடைய நிலத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு போனது எங்கள் பாதை ஒன்றுதான். அது அவனுக்குத் தொண்டையில் முள்.

ஒரு மார்ச் மாதம் மதகு அருகில் கரை கசிந்து இரண்டு அடி மண் சரிந்தது. மதகு பாரிஸ்காரனுடையது, சரி செய்ய வேண்டியவன் அவன். மேயர் பிலோதோ எங்களைக் காப்பிக் கடையில் பிடித்தார். அவர் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர்.

“கரை வழுக்குதுப்பா. யாராவது விழுந்தா என் தலையிலதான் விடியும். ஒரு பெருக்கல் குறி போட்டு விடுங்களேன். நாலு வாரம்.”

“எழுதிக் குடு,” என்றாள் கிஸ்லேன்.

“நாலு வாரத்துக்கு எழுதணுமா? நான் என்ன உன்னை ஏமாத்தவா போறேன்? ஒண்ணாக் கெண்டை வறுவல் தின்னவங்க நாம.”

அவள் என்னைப் பார்த்தாள். “போடுவோம் கிஸ்லேன், நாலு வாரம்தானே,” என்று நான்தான் சொன்னேன். பாதை தொடங்குகிற ஓக் மரத்தில் நான் பட்டையைச் சுரண்டினேன், அவள் அடித்தாள். அழகான குறி. அன்றைக்கு ஒரு கோணலும் இல்லை.

நான்கு வாரம் மூன்று வருடம் ஆயிற்று. மதகை யாரும் தொடவில்லை. மேயரிடம் கேட்டால் “கடிதம் போட்டிருக்கேன்” என்பார். கிஸ்லேன் மட்டும் சனிக்கிழமை தவறாமல் சரிந்த மண்ணைப் பக்கவாட்டில் தாண்டிப் போய்க் கதவைத் திறந்தாள். பண்ணைக் காவலாளி வேலிக்கு அந்தப் பக்கம் நாயோடு நின்று திட்டுவான். இவளும் பதிலுக்குத் திட்டுவாள். நாய் மட்டும் வாலை ஆட்டுமாம்.

“குறியைச் சுரண்டி எடுத்துடலாம் அர்மான்,” என்று ஒரு தடவை சொன்னாள்.

“கரை சரியாகலையே. நாமளே சங்கத்து விதியை மீறினா எப்படி?”

“விதி,” என்று சொல்லிவிட்டு அவள் டப்பாவைக் கீழே வைத்தாள்.

நான்காம் வருடம் பிப்ரவரியில் ஊராட்சி அலுவலகக் கதவில் முத்திரை குத்திய காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. பொதுமக்கள் பயன்படுத்தாத காரணத்தால் குளக்கரைப் பாதையைத் தனியாருக்கு விற்பது குறித்துப் பொது விசாரணை. கிஸ்லேன் அதைப் படித்துவிட்டு நேராக மேயர் அறைக்குள் போனாள். பின்னாலேயே நானும் ஓடினேன்.

“பிலோதோ, யாரு பயன்படுத்தலை?”

“யாருமே வர்றதில்லையே கிஸ்லேன். அங்கதான் போகாதேன்னு குறி இருக்கே.”

“அதைப் போடச் சொன்னது யாரு?”

“போட்டது யாரு?” என்றார் மேயர். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஏதோ சீட்டாட்டத்தில் ஜெயித்ததுபோல. “சங்கத்து வரைபடத்துலயும் மூடிய பாதைன்னுதான் அச்சாகியிருக்கு. உங்க சங்கம். ஆடிட்டோரியம் கூரை ஒழுகுது, பாதையை வித்தா அதைப் போடலாம். நான் என் வீட்டுக்கா கொண்டு போறேன்?”

மேயரை அந்தக் கொப்பரையில் தலைகீழாகப் போட்டது சரிதான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. கிஸ்லேன் கத்தவில்லை. கத்தாமல் இருப்பது அவள் வழக்கமில்லை, அதனால் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த மூன்று வாரம் வீடு வீடாக ஏறி இறங்கினாள். அறுபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ரொட்டிக்கடைக்காரி அழுதேவிட்டாள். “என் புருஷன் எனக்கு முதல் முத்தம் குடுத்தது அந்தக் கரையிலதான்” என்றாள். எல்லோருக்கும் அந்தப் பாதைமேல் அவ்வளவு பிரியம். கேட்கக் கேட்க எனக்கே நெஞ்சு நிறைந்தது. இத்தனை பேர் இருக்கும்போது யார் என்ன செய்துவிட முடியும் என்று நினைத்தேன்.

விசாரணை அதிகாரி டவுனிலிருந்து வந்தார். முன்னாள் நில அளவையாளர், மெல்லிய குரல், மரியாதைக்காரர். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஊராட்சிக் கூடத்தில் முப்பது பேர் உட்கார்ந்தோம். ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். முத்தம், முட்புதரில் பறித்த பழம், பள்ளிக்கூடத்துக்குப் போன வழி, தாத்தா பிடித்த விலாங்கு. அதிகாரி எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். பிறகு எல்லோரிடமும் ஒரே கேள்விதான்.

“கடைசியா எப்போ நடந்தீங்க, மதாம்?”

ரொட்டிக்கடைக்காரி யோசித்தாள். “குறி போட்டதுக்கு அப்புறம் போகலை. போகக் கூடாதுன்னு இருந்துச்சே.”

அடுத்தவரும் அதைத்தான் சொன்னார். அதற்கு அடுத்தவரும். பிறகு அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

“முசியே, பாதைகளுக்குக் குறி போடறவர் நீங்கதானே? உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இந்த மூணு வருஷத்துல நீங்க எத்தனை தடவை அந்தக் கரையில நடந்தீங்க?”

நான் பொய் சொல்லியிருக்கலாம். ஐம்பது தடவை என்று சொல்லியிருந்தால் யார் மறுக்கப்போகிறார்கள்? பக்கத்தில் கிஸ்லேன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், கெஞ்சவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். நாற்பது வருடம் டிராக்டர் ரிப்பேர் பார்த்ததில் ஒரு போல்ட் விஷயத்தில்கூடப் பொய் சொன்னதில்லை என்று எனக்கு ஒரு பெருமை. அந்தப் பாழாய்ப்போன பெருமைதான் வாயைத் திறந்தது.

“ஒரு தடவையும் இல்லை,” என்றேன். “குறி இருந்துச்சே.”

அதிகாரி எழுதினார். கிஸ்லேன் எழுந்து நின்றாள்.

“நான் நடந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் போறப்ப ஒரு தடவை, வர்றப்ப ஒரு தடவை. காவலாளியைக் கூப்பிட்டுக் கேளுங்க, வாராவாரம் திட்டியிருக்கான்.”

“நம்பறேன், மதாம். ஆனா நீங்க ஒருத்தர்தான். சட்டம் பொதுமக்கள்னு சொல்லுது.”

“நான் பொதுமக்கள்ல சேர்த்தி இல்லையா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிஸ்லேன் எங்கள் முப்பது பேரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வெளியே போனாள். என்னிடம் வந்தபோது மட்டும் அவள் பார்வை நிற்காமல் கடந்து போயிற்று. அதற்கு அவள் என்னை அறைந்திருந்தால்கூடத் தேவலை.

ஏழுக்கு நான்கு என்று ஊராட்சியில் தீர்மானம் நிறைவேறியது. பத்திரம் பதிந்த எட்டாம் நாள் இரண்டு இயந்திரங்கள் வந்து மதகைச் சரிசெய்துவிட்டன, பாதையின் வாயையும் கம்பி வலையால் அடைத்துவிட்டன. எட்டே நாள். மூன்று வருடம் கிடைக்காத சிமெண்ட் எட்டு நாளில் கிடைத்தது. நான் சாலையில் நின்று அதைப் பார்த்தேன். என் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. பாரிஸ்காரனைத் திட்டினேன், பிலோதோவைத் திட்டினேன், கையெழுத்து மட்டும் போட்ட அறுபத்திரண்டு பேரையும் பெயர் சொல்லித் திட்டினேன். அறுபத்திரண்டாவது பெயர் என்னுடையது.

நடைபயணக் கூட்டங்கள் இப்போது வேறு ஊருக்குப் போகின்றன. ஆனாலும் தேவாலயம் சனிக்கிழமை திறந்திருக்கிறது என்று தபால்காரர் சொன்னார். நான் நம்பவில்லை. போன வாரம் டவுனுக்குப் போகும்போது தார்ச் சாலை ஓரத்தில் அவளைப் பார்த்தேன். கையில் தடி, தலையில் துண்டு, ஒன்பது கிலோமீட்டரில் பாதிதான் தாண்டியிருந்தாள். ஒரு மணல் லாரி அவளை உரசுவதுபோலப் போயிற்று. நான் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தேன்.

“ஏறு கிஸ்லேன். நான் கொண்டுபோய் விடறேன். வாராவாரம் விடறேன்.”

அவள் குனிந்து உள்ளே பார்த்தாள். விசாரணை நாளுக்குப் பிறகு என்னோடு பேசியது அப்போதுதான்.

“வேண்டாம்பா. நீங்க யாரும்தான் நடக்கலை. நான் ஒருத்தியாவது நடந்துக்கறேன்.”

கதவை அவளே சாத்தினாள், மெதுவாகத்தான். பின்னால் இன்னொரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் வண்டியை எடுக்க வேண்டியிருந்தது.