என் இடத்துக்கு நின்றவன்

பச்சைப் பிளாஸ்ரிக் பை ஒன்றுக்குள் ஒன்பதாம் எண் ஜேர்சியை நாலாக மடித்து வைத்து, பலெர்மோவின் பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்கு வெளியே, விமான நிலையத்துக்குப் போகும் பஸ் நிற்கும் இடத்தில் சித்தியின் மகனிடம் கொடுத்தேன். அப்போது எங்கள் இருவருக்கும் பத்தொன்பது வயது. ஜேர்சி முழுதாகக் காயாததால் பையின் உட்புறம் நீர் பூத்திருந்தது. "மூண்டு கிழமைதான். வந்த உடன வாங்குவன்" என்றேன். "ஓமண்ணா. நீ வந்து கேள், தாறன்" என்றான். என்னைவிட ஒன்பது மாதம்தான் இளையவன். ஆனாலும் ஊர் கேட்க அண்ணா என்று கூப்பிட்டு என்னைக் கிழவனாக்குவதில் அவனுக்கு ஒரு சந்தோசம்.

அந்த மூன்று கிழமைக்குள் அவன் என் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்றுதான் இவ்வளவு காலமும் சொல்லி வந்தேன். அவன் இத்தாலியின் தேசிய றக்பி அணிக்கு விளையாடினான். நான் பலெர்மோவில் வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டில் ஒரு கிழவரைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, சூப் பருக்குகிறேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. எனக்கு அவன்மேல் பொறாமை. இன்றைக்கும்தான்.

இங்கே வீட்டுவேலை செய்யும் எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஊருக்குப் போகிறவர் தன் எஜமானியம்மாவான சின்யோராவின் வீட்டைச் சும்மா விட்டுவிட்டுப் போவதில்லை. சொந்தத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டி, சாவியைக் கொடுத்து, "நான் வரும்வரை இவர் என் இடத்துக்கு நிற்பார்" என்று சொல்லிவிட்டுப் போவார். திரும்பி வந்ததும் நேரே போய்ச் சாவியைக் கேட்கவேண்டும். கேட்டால் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட வேண்டும். கேட்காமல் விட்டால் நின்றவரே நின்றுகொள்ளலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள். சித்திக்குச் சொந்தமாக ஒரு வேலைவீடு அமையவே இல்லை. வருசம் முழுக்க மற்றவர்களின் இடத்துக்கு நின்றுதான் பிழைத்தாள். பள்ளி விட்டதும் அவனும் அவளோடு போவான். ஒரு வீட்டில் சேட்டுகளை இஸ்திரி போட்டு மினுக்குவான், இன்னொரு வீட்டில் மீன் வெட்டுவான், வேறொரு வீட்டில் படுக்கையில் கிடக்கும் அம்மையாருக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுவான். எந்த வீடானாலும் அரை நாளில் அதன் அலுமாரிகளெல்லாம் அவனுக்கு அத்துப்படியாகிவிடும்.

மைதானத்திலும் அவன் அப்படித்தான். உதைபந்துக்காக உயிரை விடும் இந்த நகரத்தில் றக்பி விளையாடப் போன தமிழர் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரேத்தோ தெருவில் நாங்கள் இருந்த ஐந்தாம் மாடி வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் மைதானம் இருந்தது. அதில் புல்லைவிடக் கல் அதிகம். நான் ஒன்பது. அதாவது, இரண்டு பக்கத்து முரடர்களும் தலை கோத்துத் தள்ளும் ஸ்க்ரம்மின் காலடியிலிருந்து பந்தை உருவி வெளியே வீசுகிறவன். எனக்கு அந்த ஒரு வேலைதான் தெரியும். ஆனால் அதை இந்தத் தீவில் என் வயதில் என்னைவிட நன்றாகச் செய்தவன் கிடையாது. நானாகச் சொல்லவில்லை, பயிற்சியாளர் சொன்னது. சித்தி மகனுக்கு என்று ஒரு இடம் இருக்கவில்லை. யார் வரவில்லையோ அவருடைய இடத்தில் நிற்பான். ஓரத்தில் ஓடுவான், நடுவில் நின்று மறிப்பான், கடைசியில் நின்று உயரத்தில் வரும் பந்தைப் பிடிப்பான். ஒன்பதில் மட்டும் அவன் நின்றதில்லை. நான் ஒரு நாளும் லீவு எடுத்ததில்லை.

பிறகு அக்காவின் கல்யாணம் இலங்கையில், மன்னாரில் நடந்தது. நான் அவனைப் பயிற்சியாளரிடம் கூட்டிக்கொண்டு போய், "நான் வரும்வரை இவன் என் இடத்துக்கு நிற்பான்" என்றேன். சின்யோராவிடம் அம்மா சொல்வது போலவே சொன்னேன். ரயில்வேயில் வேலைசெய்து ஓய்வுபெற்ற அந்த மனிதர், "தம்பி, இது வீடு இல்லை" என்றார். எனக்கு அது விளங்கவில்லை. இத்தாலியின் வடக்கில் ஒரு பெரிய கழகத்துக்கு, எங்கள் ஒன்பதை வந்து பாருங்கள் என்று அவர் முன்பே எழுதியிருக்கிறார். பதில் வராததால் என்னிடம் சொல்லவில்லை. நான் மன்னாரில் பந்தலுக்கு வாழை கட்டிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கழகத்து ஆள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். ஒன்பதைப் பார்க்க வந்தார், ஒன்பதைப் பார்த்தார். அவ்வளவுதான்.

அந்தக் கழகம் அவனை எடுத்துக்கொண்ட செய்தி நான் திரும்பி வந்த அன்றே தெரிந்துவிட்டது. அடுத்த நாள் அவன் வந்தான். கதவுக்கு வெளியே அவன் குரல் கேட்டது. "நித்திரை எண்டு சொல்லு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அரை மணித்தியாலம் படியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனானாம். கையில் பச்சைப் பை இருந்ததாக அம்மா சொன்னாள். நான் போய் அதைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு மைதானத்துப் பக்கமே போகவில்லை. என் கோபத்தைப் பார்த்து எல்லோரும் என்னிடம் வருவார்கள் என்று இருந்தேன். ஒருவரும் வரவில்லை. றக்பி என் இல்லாமையைக் கவனிக்கவில்லை.

அவன் வடக்குக்குப் போனான். நாலு வருசத்தில் தேசிய அணியின் நீல ஜேர்சி கிடைத்தது. அவனுடைய முதல் ஆட்டத்தன்று பூசை முடிந்ததும் மாதா கோயில் மண்டபத்தில் எங்கள் சனம் முழுக்கத் தொலைக்காட்சி முன் கூடிவிட்டது. பந்தை முன்னால் வீசக்கூடாது என்ற விதிகூட ஒருவருக்கும் தெரியாது. "ஏன்ரா பின்னுக்கு எறியிறான்? முன்னுக்கு எறியச் சொல்லுங்கோ!" என்று ஒரு மாமா எழும்பி நின்று கத்தினார். "உங்கை நிண்டு கத்தினா அவனுக்குக் கேக்குமே? இருங்கோப்பா, மறைக்குது" என்று மாமி அவரை இழுத்து இருத்தினாள். அந்த மண்டபத்தில் ஆட்டம் தெரிந்த ஒரே ஆள் நான். கையைக் கட்டிக்கொண்டு, பந்து அவன் கையிலிருந்து நழுவவேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருமுறை நழுவியது. அன்று வீட்டுக்குப் போய் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

பன்னிரண்டு வருசத்துக்கு மேல் விளையாடினான். ஒன்பது, பத்து, பன்னிரண்டு, பதினான்கு, பதினைந்து என்று எத்தனையோ எண்கள். அதிகமாகப் போட்டது இருபத்திமூன்று. அது ஓரத்து வாங்கில் உட்கார்ந்து காத்திருக்கும் மாற்றாளின் எண். எங்கே விட்டாலும் விளையாடுவான் என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. முழங்கால் போய், ஆட்டத்தை விட்டுவிட்டுப் பலெர்மோவுக்குத் திரும்பியபின் ஒருநாள் சித்தி வீட்டில் என்னிடம் சொன்னான்: "அண்ணா, ஆருக்காவது நோவெண்டாத்தான் எனக்கு ஆட்டம். எனக்கெண்டு ஒரு நம்பர் கடைசிவரைக்கும் தரேல்லை." அதைக் கேட்டும் எனக்கு இரக்கம் வரவில்லை. குறைப்பட்டுக்கொள்ள அவனுக்கு அவ்வளவு பெரிய குறை இருக்கிறதே என்று எரிந்தது.

இந்த வருசம், மன்னாருக்கே திரும்பிப் போய்விட்ட அம்மா விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். இரண்டு மாதமாவது நான் போய் நிற்கவேண்டும். நான் பார்க்கும் கிழவருக்கு, என் சின்யோரேக்கு, எண்பத்தெட்டு வயது. பதினொரு வருசமாக அவர் வீடுதான் என் சோறு. என் இடத்துக்கு நிற்க ஆள் தேடினேன், எல்லோருக்கும் வேலை இருந்தது. "நான் நிக்கிறன்" என்றான் அவன்.

"கிழவரைத் தூக்கத் தெரியுமோ உனக்கு?"

"நூத்திருபது கிலோக்காரரைத் தூக்கி எறிஞ்சனான். உன்ரை ஆள் எத்தினை கிலோ?"

"எறியிறேல்லையடா, இருத்திறது!"

சித்தி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கிழமை இழுத்தடித்தேன். இந்த வீட்டையும் அவன் எடுத்துக்கொண்டால் எனக்கு மிச்சம் ஒன்றுமில்லை. இந்த வயதில், இந்த முதுகோடு, இன்னொரு வீடு தேட என்னால் முடியாது. சித்திதான் கடைசியில் வாயைத் திறந்தாள். "அவன் களவெடுக்கேல்லை. நீ வந்து கேக்கேல்லை" என்றாள். அடுத்த நாளே அவனைச் சின்யோரேயிடம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

அதே பஸ் நிற்கும் இடம். நான் சாவியை நீட்டினேன். அவன் ஒரு பச்சைப் பையை நீட்டினான். பிரித்துப் பார்த்தேன். தோய்த்து மினுக்கிய ஜேர்சி. எண்ணின் ஓரம் உரிந்திருந்தது. இப்போது என் ஒரு தோளுக்குத்தான் அது அளவு காணும். "நீ கேக்கேல்லை. நான் எறியவும் இல்லை" என்றான். "ரெண்டையும் வைச்சிரு. வந்து கேப்பன்" என்று பையை அவன் கையிலேயே திணித்துவிட்டு ஏறினேன். சாவியை ஜேர்சிக்கு மேல் போட்டுப் பையைச் சுருட்டியபடி அவன் நடந்தான். முழங்கால் போனவன், அப்படியும் என்னைவிட வேகமாக நடந்தான்.

இதை மன்னாரில் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். நேற்று சின்யோரே தொலைபேசியில் வந்தார். உன் தம்பி சவரம் செய்தால் ஒரு கீறல்கூட விழுவதில்லை, பாட்டும் பாடுகிறான் என்றார். வயிறு எரிந்தது. பின்னால் அவன் "எப்ப வாறாய் அண்ணா?" என்று கத்தியதும் கேட்டது. இன்னும் இருபது நாள். விமான நிலையத்திலிருந்து ஸ்தாசியோனேயில் வந்து இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகமாட்டேன். பெட்டியை இழுத்துக்கொண்டு நேரே அவனிடம் போவேன். சாவியைக் கேட்பேன். ஜேர்சியையும் கேட்பேன்.