எதிரணிக்காரி சொன்ன ரகசியம்

நான் கோல் கீப்பர். கல்லூரிகளுக்கு இடையிலான கால்பந்து இறுதிப் போட்டியில் என்னை ஏமாற்றிப் பெனால்டி கோல் அடித்தவள் கவிதா. அடுத்த மாதமே நாங்கள் ஒரே அணியில் நின்றோம்.

திருப்பூர்க் கல்லூரிகளின் சிறந்த வீராங்கனைகளைச் சேர்த்து, நகரக் கோப்பையை வென்ற ஒரு பனியன் கம்பெனியின் பெண்கள் அணியோடு ஆடவிட்டார்கள். அமெரிக்காவில், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அந்த நாட்டுக் கால்பந்தில், இது பல ஆண்டுகள் நடந்த வழக்கமாம். கல்லூரி நட்சத்திரங்கள் ஒன்றுகூடி தொழில்முறை சாம்பியன்களையே எதிர்த்து ஆடுவார்களாம்.

"பெரும்பாலும் தோத்துத்தான் போனாங்க. ஆனா ஜெயிச்ச வருஷமும் உண்டு கண்ணுங்களா" என்றார் எங்கள் பயிற்சியாளர். எங்களுக்கு அது போதும்.

கம்பெனி அணியில் ஒடிசாவிலிருந்து தையல் வேலைக்கு வந்த பெண்கள் பிரமாதமாக ஆடினார்கள். இரு அணியும் ஒரு கோல் அடித்திருந்தபோது, கடைசி நிமிடத்தில் அவர்களுக்குப் பெனால்டி கிடைத்தது. கவிதா என்னிடம் ஓடி வந்தாள்.

"அன்னைக்கு நீங்க முன்னாடியே எடது பக்கம் சாஞ்சுட்டீங்க. அதப் பாத்துத்தான் மறுபக்கம் அடிச்சனுங்க. ஒதைக்கிற வரைக்கும் அசையாதீங்க."

அசையாமல் நின்றேன். பந்து வலப்பக்கம் வந்தது. பாய்ந்து தட்டிவிட்டேன். ஆட்டம் சமனில் முடிந்தது.

"அடுத்த வருஷம் நாம எதிரெதிரா ஆடணும். ஏனுங்க இதச் சொன்னீங்க?" என்று அவளிடம் கேட்டேன்.

"அதுக்கு வேற அடி பழகிக்குவனுங்க" என்று சிரித்தாள்.

அதுவரை, தெரிந்ததை மறைத்து வைப்பதுதான் பலம் என்று நினைத்திருந்தேன். இப்போது எங்கள் கல்லூரியின் புதிய கீப்பர்களுக்கு எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்கிறேன். என் இடம் பறிபோகும் என்ற பயம் துளியும் இல்லை.