மூன்று துளைத் தகடு

அலுமினியத்தைப் பல்லால் கடித்துப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் குளிரும், பிறகு ஒரு புளிப்பு நாக்கின் அடிவரை ஏறும், பல்லெல்லாம் கூசும். ஒன்பது வயதில் என் கழுத்தில் கிடந்த நகையின் சுவை அதுதான். இன்றைக்கும் புது அலுமினியச் சட்டியைக் கையில் எடுத்தால் அது வாயில் ஊறிவிடுகிறது.

யுத்தத்தின் கடைசி மாசி மாதம், புதுக்குடியிருப்பை விட்டுக் கடற்கரைப் பக்கமாக நகர்ந்துகொண்டே இருந்தோம். அப்பா உழவு இயந்திரம் திருத்துகிறவர்; அவருடைய கை சும்மா இருக்காது. ஷெல் துண்டு பட்டு ஓட்டையான சட்டி மூடி ஒன்றை வெட்டி, விளிம்பைக் கல்லில் உரஞ்சி, எனக்கும் தங்கை வதனிக்கும் ஒவ்வொரு வட்டத் தகடு செய்து கறுப்பு நூலில் கோத்துக் கட்டிவிட்டார். என்னுடையதில் "ஆறாமீன்", வானத்தில் கொத்தாக நிற்கும் ஆறு வெள்ளிகள் போல ஆணியால் ஆறு துளை. ஆறு வயது வதனிக்கு, நேர்கோட்டில் நிற்கும் மூன்று வெள்ளிகள். குண்டுபோடும் விமானத்துக்குப் பயந்து விளக்கே கொளுத்தாத அந்த நாட்களில் வானம் மட்டும் ஒருவருக்கும் பயப்படாமல் மினுங்கியது. பதுங்க மண்ணுக்குள் வெட்டிய "பங்கர்" வாசலில் இருந்து அண்ணாந்து பார்த்து, அப்பா துளைகளைச் சரியாகத்தான் போட்டிருக்கிறாரா என்று எண்ணிக்கொண்டோம்.

"பொம்பிளைப் பிள்ளையளுக்குச் சட்டி மூடியே நகை?" என்று அம்மா முகத்தைச் சுளித்தார்.

"ரெண்டும் ரெண்டு மாதிரி. பார்த்த உடனை ஆற்றை பிள்ளை, எந்தப் பிள்ளை எண்டு தெரிய வேணும். கழட்டக் கூடாது" என்றார் அப்பா. அம்மா இரண்டு நூலின் முடிச்சையும் இன்னொருதரம் இறுக்கினார். எங்களுக்கோ அது ஏன் என்று விளங்கவில்லை.

பத்து நாளில், கஞ்சி வரிசையில் ஷெல் விழுந்து, அப்பா நின்ற இடத்திலேயே செத்துப்போனார்.

அதற்குப் பிறகும் வதனியின் வழக்கு ஓயவில்லை: "அக்காவுக்கு ஆறு, எனக்கு மட்டும் மூண்டு." ஒருநாள் அம்மா எங்கிருந்தோ இரண்டு துண்டு பனங்கட்டி கொண்டுவந்து ஆளுக்கொன்று தந்தார். "உன்ரை துண்டைத் தா, தகட்டை மாத்துவம்" என்றேன். உடனே தந்துவிட்டாள், பாவி. எனக்குப் பசி, வேறென்ன சொல்ல! அம்மா கண்டால் அடி விழும் என்று மூன்று துளைத் தகட்டைச் சட்டை மடிப்புக்குள் செருகினேன். அவளுக்கு ஆறாமீனைக் கட்டி, சட்டைக்கு உள்ளே விட்டுவிட்டேன்.

நான்கு நாள் கழித்து, சனத்தோடு சனமாகக் கடல்நீரேரியின் நெஞ்சளவு தண்ணீரைக் கடந்தபோது, அம்மாவின் ஒரு கையில் நான் இருந்தேன், மற்றக் கையிலிருந்து வதனி நழுவிவிட்டாள்.

வவுனியா முகாமில் ஒரு முதியவர் கூடாரம் கூடாரமாகக் கேட்டுக்கொண்டு வந்தார். "ஆறு ஓட்டை போட்ட அலுமினியத் தகடு கட்டின பிள்ளை ஆற்றையம்மா? கரையிலை கிடந்தது, நான்தான் மண் போட்டனான். தகட்டைக் கழட்ட மனம் வரேல்லை."

அம்மா துள்ளி எழுந்தார். "ஆறு ஓட்டை மூத்தவளின்ரை. அவள் இஞ்சை நிக்கிறாள், பாருங்கோ! சின்னவளுக்கு மூண்டு. அது என்ரை பிள்ளை இல்லை ஐயா." பிறகு என் பக்கம் திரும்பினார். "உன்ரை எங்கை?"

"துலைஞ்சு போச்சு."

"விழுந்ததை வேறை ஆரோ பிள்ளை எடுத்துக் கட்டியிருக்கு" என்று அம்மா சிரித்தார். அன்றுதான், எத்தனையோ நாளுக்குப் பிறகு, சோறு சாப்பிட்டார். அடிக்குப் பயந்து சொன்ன பொய் அது. அந்தச் சிரிப்பைக் கண்டபிறகு உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு வரவேயில்லை.

இப்போது முரசுமோட்டையில் நானும் அம்மாவும் மட்டும்தான். காணாமல் போனவர்களின் தாய்மார் படங்களோடு குந்தியிருக்கும் கிளிநொச்சி வீதியோரத்துக்கு அம்மா கிழமை தவறாமல் போவார். ஆர் வந்து கேட்டாலும், "இடது கன்னத்திலை மச்சம், கழுத்திலை மூண்டு ஓட்டைத் தகடு" என்றே வருடக்கணக்காகச் சொல்லிவந்தார். பக்கத்தில் நின்று அதை எத்தனை தரம் கேட்டிருக்கிறேன்! தகடு என் அலுமாரியில், ஒரு பழைய பள்ளிக்கூடக் கொப்பிக்குள் கிடந்தது.

வீதி விளக்குகள் வந்தபிறகு எங்கள் முற்றத்தில் ஆறாமீன் துலக்கமாகத் தெரிவதில்லை. போன கிழமை மின்சாரம் நின்ற நேரம் அதைத் தேடிப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து கொப்பியைத் திறந்தேன். உக்கி அறுந்த நூலோடுதான் தகட்டை வைத்திருந்தேன். இப்போது புதுக் கறுப்பு நூல் கோத்து முடிச்சுப் போட்டிருந்தது. தகட்டைச் சாம்பலால் மினுக்கியுமிருந்தது. அந்த மூன்று துளைகளைக் கண்ட அம்மாவுக்கு, அன்று கரையில் கிடந்தது யார் என்று விளங்காமலா இருந்திருக்கும்? யோசித்துப் பார்த்தால், இரண்டு வருடமாக அம்மா மச்சத்தை மட்டும்தான் சொல்கிறார், தகட்டைச் சொல்வதில்லை. வயது போய் மறதி வந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

இன்று காலையும் வதனியின் படத்தைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டார்.

"வாறன் பிள்ளை" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"ஓமம்மா, கவனமாப் போட்டு வாங்கோ" என்றேன்.