லூயிஷாம் ஸ்டேசனில் எட்வேட்

பெர்னடெற்றின் ஓவியங்களைக் கிட்ட நின்று பார்க்கக் கூடாது. கிட்ட நின்றால் ஊதாவும் மஞ்சளுமாக அப்பிக் கிடக்கும் வர்ணத்தைத் தவிர ஒரு மண்ணும் தெரியாது. நாலெட்டுப் பின்னால் போனால்தான் தண்டவாளம் தெரியும், மழையில் நனைந்த மேடை தெரியும், ரயிலால் இறங்கி வரும் சனம் தெரியும். லண்டன் லூயிஷாமில் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்களுக்கு இது பெரிய மனக்குறை. மூக்கும் முழியுமாக ஒரு மாதா படம் கீறத் தெரியாதவளுக்கு என்ன ஓவியர் பட்டம் என்று அவள் காதுபடவே கதைத்தார்கள். அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

மன்னாரில் படித்த காலத்திலும் சித்திரப் பாடத்தில் அவளுக்குப் புள்ளி கிடைத்ததில்லை. வர்ணம் கோட்டைத் தாண்டிப் போகிறது என்று ரீச்சர் ஏசுவார். பிறகு படகு இயந்திரம் திருத்துகிற எட்வேட்டைக் கட்டினாள். மகள் ஜெஸ்ரின் பிறந்தாள். சண்டை மறுபடி மூண்டபோது, இருந்த காசைத் திரட்டி எட்வேட் அவளையும் பிள்ளையையும் முதலில் லண்டனுக்கு அனுப்பினான். பின்னால் வருகிறேன் என்றான். சண்டை துரத்தத் துரத்த வன்னிக்குள் இடம்பெயர்ந்து போனான். அங்கிருந்து ஒருநாள் போன் எடுத்து, பிள்ளை இருமுகிறாளா என்று கேட்டான். அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

பெர்னடெற் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குப் போனாள். ஆங்கிலம் படிக்கலாம் என்று கவுன்சில் வகுப்பில் சேரப் போனால் அங்கே இடமில்லை. ஓவிய வகுப்பில்தான் ஆளில்லாமல் ஈயோட்டிக்கொண்டிருந்தார்கள். சும்மா வீட்டில் கிடந்து யோசிப்பதற்கு இது மேல் என்று உட்கார்ந்தாள். அங்கே படிப்பித்த வெள்ளைக்காரி, கண்ணைச் சுருக்கிப் பார், கோட்டை விடு, வெளிச்சம் விழுகிற இடத்தை மட்டும் போடு என்றாள். ஊரில் எதற்கு ஏச்சு வாங்கினாளோ அதற்கு இங்கே பாராட்டு. உலகம் இப்படித்தான் தலைகீழாக இருக்கிறது.

ஒருநாள் வகுப்பு முழுவதையும் நகரத்துக் கலைக்கூடமொன்றுக்குக் கூட்டிப்போனார்கள். அந்தக் காலத்தில் பிரான்சில் நடந்த போருக்குத் தப்பித் தெற்கு லண்டனுக்கு வந்திருந்த ஓவியர் ஒருவர் வரைந்த சின்ன ஸ்டேசன் அங்கே தொங்கியது. அந்த மனிதரும் அகதியோ என்று பெர்னடெற் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். படத்தில் ரயில் வந்துகொண்டிருந்தது. இறங்கவோ ஏறவோ ஒருவரும் இல்லை. அவளுக்கு அது பொறுக்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும் வழி முழுக்க அந்த வெறுமையான ஸ்டேசனையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

அதன்பிறகு மத்தியானச் சாப்பாட்டு வேலை முடிந்ததும் வர்ணப் பெட்டியோடு லூயிஷாம் ஸ்டேசனுக்கு எதிரே போய் நிற்கத் தொடங்கினாள். மழைக்காலத்தில் வெளிச்சம் பிடிபடுவதற்குள் ஓடிவிடும். அது போவதற்குள், முதல் பூச்சுக் காயக் காத்திராமல், ஈரத்தின் மேலேயே அடுத்ததை வைத்தாக வேண்டும். எதிரே பார்த்ததை அப்படியே போடுவாள், ஒன்றைத் தவிர. ஒவ்வொரு படத்திலும் சனத்துக்கு நடுவே வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒருவன் வெளியே வந்துகொண்டிருப்பான். இயந்திரம் சுமந்து சுமந்து இடது தோள் சற்றுச் சரிந்திருக்கும். முகம் ஒரு தீற்றல்தான். அவனைப் போடாமல் அவளால் ஒரு படத்தையும் முடிக்க ஏலவில்லை. அவன் வர வேண்டும், அவ்வளவுதான். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

வன்னியிலிருந்து யார் வந்தாலும் தேடிப்போய் விசாரித்தாள். எட்வேட்டோடு ஒன்றாக வேலை செய்த கொட்வின் லண்டனுக்கு வந்தபோது விடியற்காலையே அவன் வீட்டுக் கதவைத் தட்டினாள். இடையில் பிரிந்துவிட்டோம், எனக்கு ஒன்றும் தெரியாது அக்கா என்று அவன் நிலத்தைப் பார்த்துச் சொன்னான். இறந்தவர்களுக்காக நவம்பரில் பூசை வைக்கும்போது பங்குச் சுவாமியார் பெயர்கள் கேட்பார். பெர்னடெற் ஒரு வருடமும் எட்வேட்டின் பெயரைக் கொடுத்ததில்லை.

அவள் படங்களைக் கோயில் மண்டபத்தில் வைத்துப் பார்ப்போம் என்று இந்த வருடம் சுவாமியார்தான் தொடங்கினார். பெர்னடெற் அதற்கென்று பெரிய படமொன்று வரைந்தாள். முதல்முறையாக எட்வேட் சனத்தை விட்டு முன்னுக்கு வந்து தனியாக நின்றான். ஜெஸ்ரின் வேலைக்கு லீவு போட்டு எல்லாப் படத்தையும் கொண்டுபோய் மாட்டினாள். தகப்பன் முகம் நினைவில் இல்லாத பிள்ளை. அந்தப் பெரிய படத்தைத்தான் நடுவில் வைத்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து பெர்னடெற் மண்டபத்துக்குள் போனபோது எட்வேட்டுக்கு மாலை போட்டிருந்தது. புது ரோசாப்பூ மாலை.

“அம்மா, வடிவா இருக்கல்லோ?” என்றாள் ஜெஸ்ரின்.

பிள்ளையில் பிழை இல்லை. பெருநாளில் மாதாவுக்கும் சுவாமியாருக்கும் மாலை போடுவதைப் பார்த்து வளர்ந்தவள், மாலை என்றால் மரியாதை என்றே நினைத்திருந்தாள். மனிதரின் படத்துக்குப் போட்டால் ஆள் இல்லை என்று பொருள் என்பதை அவளுக்குச் சொல்லிக்கொடுக்க அந்த வீட்டில் மாலை போட்ட படம் ஒன்றும் இருந்ததில்லை. பெர்னடெற் கழற்றச் சொல்ல வாயெடுப்பதற்குள் சனம் உள்ளே வந்துவிட்டது.

மாலையைக் கண்டதும் எல்லாருடைய கதையும் நின்றது. கிட்ட நின்றால் ஒன்றும் தெரியாது என்று நையாண்டி பண்ணியவர்கள் இன்றைக்குத் தூரத்திலேயே ஆள் இன்னார் என்று மட்டுக்கட்டிவிட்டார்கள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவள் கையைப் பிடித்தார்கள். எப்போது தகவல் வந்தது என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். இது பிழைபட்டுப்போன விசயம், அவர் இருக்கிறார் என்று சொல்ல பெர்னடெற் வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கொட்வின் வந்தான். படத்தை நிமிர்ந்து பார்த்தான். பெரிய மனிதன், பிள்ளை போல உடைந்து அழுதான்.

“இனிச் சொன்னாப் பாவமில்லை அக்கா. நீங்களே மாலை போட்டிட்டியள். அண்ணையை நான்தான் மண் போட்டு மூடினனான். நீங்கள் வழி பாத்துக்கொண்டு இருக்கேக்க எனக்குச் சொல்ல வாய் வரேல்லை.”

பெர்னடெற் கொட்வினுக்குக் கிட்டப் போனாள்.

“என்ன நிறச் சேட்டு போட்டிருந்தவர்?”

“நீலம்,” என்றான் கொட்வின்.

அவள் திரும்பிப் படத்தைப் பார்த்தாள். இத்தனை காலமும் வெள்ளையில் வந்துகொண்டிருந்தவன் நின்ற இடத்தில் நின்றான். தான் செய்தது என்னவென்று ஜெஸ்ரினுக்கு அப்போதுதான் விளங்கியது. முகமெல்லாம் வெளிறி, மாலையைக் கழற்ற ஓடினாள். பெர்னடெற் மகளின் கையைப் பிடித்தாள்.

“விடு பிள்ளை. இருக்கட்டும்.”