அவரும் கைதட்டினார்

“நேரம் ஏழு ஐம்பது. வந்தவர்கள் முப்பத்தொரு பேர்” என்று கொப்பியின் மேல்வரியில் எழுதாமல் மேனுஷா எந்தப் பாடத்தையும் தொடங்கமாட்டாள். பிறகு வலது கையில் கட்டியிருக்கும் பெரிய கைக்கடிகாரத்தை ஒரு தரம் பார்த்துக்கொள்வாள். அதற்கப்புறம்தான் பண்டாரவளையில் பத்தாம் தரத்துக்குத் தமிழ் படிப்பிக்கும் நான் வாயைத் திறக்கலாம்.

பெரகலச் சந்திக்கு மேலே இருக்கிறது அவள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டம். அங்கே மரண உதவிச் சங்கத்தின் செயலாளர் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டார். அந்தப் பொறுப்பைத் தலையில் போட்டுக்கொள்ளப் பெரியவர்கள் ஒருவரும் தயாரில்லை. எட்டாம் தரத்தில் இருந்த இவளுடைய கையெழுத்து அழகென்று கூட்ட அறிக்கைப் புத்தகத்தை இவளிடம் கொடுத்துவிட்டார்கள். இரண்டு வருடமாக யார் என்ன பேசினார்கள் என்று எழுதி எழுதி, இப்போது வேறு மாதிரி எழுதவே அவளுக்கு வராது.

‘ஒரு மழைநாள்’ என்று கட்டுரை கொடுத்தேன். மேனுஷா எழுதியது இது: “மழை வருவதாக லதுஷா அறிவித்தார். ஜன்னலை மூட வேண்டுமென்று நிரோஜா முன்மொழிய, லதுஷா வழிமொழிந்தார். ஜன்னல் மூடப்பட்டது.”

பத்தாம் தரத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு வேண்டிய எழுத்துத் திறன்கள் என்று நான் ஒரு தாள் வைத்திருக்கிறேன். முன்னுரை, வர்ணனை, உவமை, முடிவுரை என்று மொத்தம் பன்னிரண்டு. இவளிடம் அதில் ஒன்றுகூட இல்லை. இருபதுக்கு ஆறு புள்ளி போட்டு, ‘உணர்ச்சி எங்கே?’ என்று சிவப்பில் எழுதினேன். கொப்பியோடு வந்து நின்றாள்.

“அவங்க வாயத் தொறந்து சொல்லாதத நான் எப்பிடி டீச்சர் எழுதுறது? நாளைக்கு யாராச்சும் கேட்டா?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மழையா வந்து உன்னைக் கேட்கப்போகிறது என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

அந்தத் தோட்டத்திலிருந்து பத்தாம் தரத்துக்கு வந்தவர்கள் மூன்று பேர். காலையில் பஸ் கிடையாது. பனிமூட்டத்தில் மூன்று கட்டை தூரம் நடந்து பெரிய ரோட்டுக்கு வரவேண்டும். இரண்டே மாதத்தில் லதுஷாவையும் நிரோஜாவையும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். மேனுஷாவின் அம்மாவும் தவணை சொல்லிவிட்டார்: “இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். பஸ்சு வரலன்னா நீயும் நின்னுக்க.”

பஸ் வருவதாகத்தான் பேச்சு. போன மாதச் சங்கக் கூட்டத்துக்கு பஸ் முதலாளி வைரவநாதன் வந்து வாக்குக் கொடுத்திருந்தார். வாக்கு வந்தது, பஸ் வரவில்லை. இந்த மாதக் கூட்டத்துக்கு அவரைத் திரும்பவும் அழைத்திருந்தார்கள். “நீங்களும் வாங்க டீச்சர்” என்றாள். மாதம் முடிய மூன்று நாள் இருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபத்தில் போய் உட்கார்ந்தேன்.

வைரவநாதன் சிரித்துக்கொண்டே கையை விரித்தார். “நா எப்பங்க தேதி சொன்னேன்? பாப்பம்னுதானே சொன்னேன்?”

ஒருவேளை அப்படித்தானோ என்று ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். மேனுஷா எழுந்து, தலைவரிடம் அனுமதி கேட்டு, புத்தகத்தைப் பிரித்து வாசித்தாள்.

“மாலை நாலு பத்து. திரு வைரவநாதன் இரண்டாவது டீ வேண்டாமென்றார். பிறகு, ‘எட்டாந் தேதி திங்கக்கிழம காலையில ஆறு மணிக்கு கோயில் முடக்குல என் பஸ்சு நிக்கும். நிக்கலன்னா என்னையக் கேளுங்க’ என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அவரும் கைதட்டினார்.”

உணர்ச்சி எங்கே என்று கேட்ட மகராசி நான்தான்! என் தாளில் உள்ள பன்னிரண்டும் சேர்ந்தாலும் அந்தக் கடைசி வரிக்கு ஈடாகாது.

வைரவநாதன் புத்தகத்தை வாங்கித் தானே ஒருமுறை வாசித்தார். காது சிவந்துவிட்டது. “டீயையும் விடலையே புள்ள நீ” என்று சிரித்தார். “சரி, நாளைக்கு வரும்.”

மேனுஷா உட்காரவில்லை. “நேரம் சொல்லுங்க ஐயா.”

“ஆறு.”

எழுதிக்கொண்டாள்.

பஸ் வருவதைப் பார்க்காமல் ஊர் திரும்ப எனக்கு மனம் வரவில்லை. அவள் வீட்டிலேயே தங்கிவிட்டேன். விடிந்ததும் கோயிலடி வளைவான அந்த முடக்கில் பாதித் தோட்டம் நின்றது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போக வேண்டிய பெண்கள்கூடக் கூடையோடு நின்றார்கள். லதுஷாவும் நிரோஜாவும் சீருடை போட்டு, இரட்டைப் பின்னலோடு வந்திருந்தார்கள். ஆறு மணி ஆனது. பனிக்குள்ளே ஒன்றும் தெரியவில்லை. மேனுஷாவின் அம்மா மகளைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழேயிருந்து ஹோர்ன் சத்தம் கேட்டது! பிள்ளைகள் குதித்தார்கள், பெண்கள் குலவையிட்டார்கள், பதினெட்டு வருடம் வகுப்பில் சத்தம் போடாதே என்று சொல்லிவந்த நான் ஓவென்று கத்தினேன். மஞ்சள் விளக்கு இரண்டும் முடக்கைத் திரும்பி வந்து நின்றன. பிள்ளைகளும் நானும் ஏறிவிட்டோம்.

மேனுஷா மட்டும் ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்து, முழங்காலில் புத்தகத்தை விரித்து எழுதிக்கொண்டிருந்தாள். “ஏறும்மா, லேட்டாகுது” என்று கண்டக்டர் சுபாஸ் கதவைத் தட்டினான். அவள் கடிகாரத்தைப் பார்த்து ‘ஆறு மணி இரண்டு நிமிடம்’ என்று முடித்தாள். எப்போதும் கோடு போட்டதுபோல ஓடும் எழுத்து அன்று மேலும் கீழுமாக நடுங்கிக் கிடந்தது. பிறகு புத்தகத்தையும் பேனையையும் அவனிடம் நீட்டினாள்.

“இங்கன ஒரு கையெழுத்து வச்சிருங்கண்ணே.”