பக்கத்து இருக்கையில் ஒரு மணல் மூட்டை

"எட்டு என்ஜின் குண்டுவீச்சு விமானத்தை எறக்க எனக்கு ரெண்டாவது ஆளே வேணாம். பக்கத்து சீட்ல ஒரு மணல் மூட்டைய வெச்சுக் கட்டிட்டாப் போதும்."

உணவுக்கூடத்தில் கை கழுவிக்கொண்டே இப்படித் திருவாய் மலர்ந்தவர் எங்கள் விமானத் தளத்தின் மூத்த கேப்டன். அந்தப் பக்கத்து சீட்டில் மூன்று வருஷமாக உட்கார்ந்து வந்த துணை விமானி, நாற்பதை நெருங்குபவர், தட்டோடு பின்னாலேயே நின்றிருந்தார். அன்று முதல் அவர் பெயர் மூட்டை.

மூட்டைக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். வருஷம் முடிவதற்குள் ஒரே ஒரு தடவை விமானத்தை இறக்கியதாகப் பதிவேட்டில் கேப்டன் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் பறக்கும் வேலை போய்க் கிடங்கில் மேசை. கேட்கும்போதெல்லாம் "பாக்கலாம்ப்பா" என்பார் கேப்டன்.

வீட்டில் கேப்டன் புகழ் அவ்வளவாக எடுபடவில்லை. "நூறு டன்ன எறக்குறது இருக்கட்டுங்க. பரண்ல இருக்கிற பெட்டிய எறக்குங்க, மூணு மாசமாச் சொல்றேன்," என்பார் மனைவி.

கேப்டன் இறக்கியதெல்லாம் இலை அசையாத காலைகளில். காற்றடிக்கும் நாளில் அவருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். மருத்துவரும் சலிக்காமல் லீவுச் சீட்டு எழுதுவார். காற்றுக்கும் முதுகெலும்புக்கும் உள்ள இந்த உறவை விஞ்ஞானம் இன்னும் ஆராயவில்லை.

இந்த விமானத்தின் இறக்கை மகா நீளம். சாய்த்தால் நுனி தரையில் உரசும். அதனால் பக்கக்காற்றில் மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பி, நண்டுபோல் கோணலாகவே இறக்க வேண்டும். சக்கரங்களை மட்டும் ஒரு குமிழைத் திருகி ஓடுபாதையின் திசைக்குத் திருப்பி வைக்கலாம். ஆனால் கோணலைப் பார்த்த கை, மூக்கை நேராக்கத் துடிக்கும். நேராக்கினால், திரும்பிய சக்கரம் சேற்றுக்கு இழுத்துப் போய்விடும்.

அன்று கிளம்பும்போது காற்றில்லை. திரும்பும்போது இடப்பக்கமிருந்து அறைந்தது. வானத்தில் மருத்துவர் யாரும் இல்லை. கேப்டன் குமிழைத் திருகினார்.

"சார், சக்கரம் இடப்பக்கம் திரும்புது. வலப்பக்கம்ல திரும்பணும்?"

"எனக்குத் தெரியாதா? சும்மா சோதிச்சுப் பாத்தேன்," என்று கேப்டன் வலப்பக்கம் திருகினார்.

மூக்கு இடப்பக்கம் திரும்பியிருந்ததால், ஓடுபாதை மூட்டையின் பக்கத்து ஜன்னலில் தெரிந்தது. கேப்டன் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். கை தன்னாலே மூக்கை நேராக்கியது. தரை பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போனது. அலறிய என்ஜின்களோடு மறுபடி மேலே ஏறினார்.

பின்னாலிருந்து திசை பார்ப்பவர் நிதானமாகச் சொன்னார்: "அண்ணே, இன்னும் ஒரே ஒரு சுத்துக்குத்தான் பெட்ரோல் இருக்கு. அப்புறம் என் மேல கோவிச்சுக்காதீங்க."

கேப்டன் இரண்டு கைகளையும் எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார். "தம்பி, நீ எறக்கு."

மூட்டை இறக்கினார், கோணலாக, கடைசிவரை நேராக்காமல். சக்கரங்கள் நடுக்கோட்டில் ஓடி நின்றன.

என்ஜின்கள் அடங்கியதும் கேப்டன் பதிவேட்டைத் திறந்தார். 'இறக்கியவர்' என்ற கட்டத்தை, பரீட்சையில் காப்பியடிக்க விடாத பையன்போல் இடது கையால் மறைத்துக்கொண்டார்.

"உன் இனிஷியல் என்னப்பா?" என்றார், திசை பார்ப்பவர் காதில் விழாதபடி.

மூட்டை சொன்னார். கேப்டன் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.